முத்திரை குத்திய புத்தகங்கள்

வெள்ளிக்கிழமைக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும். கட்டடத்துக்காரரின் மகன் அந்த இடத்தில் செல்போன் கடை வைக்கப்போகிறார். தேனியில் இனி இன்னொரு செல்போன் கடைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் ஒரே சந்தில் உட்கார்ந்து புத்தகம் விற்றும் தேறாதவன் அடுத்தவர் வியாபாரத்துக்கு யோசனை சொன்னால் சிரிப்பார்கள்.

கடை போவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது தரையில் கிடக்கிற ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்கள்தான். தரையில் ஏன் கிடக்கின்றன என்றால், அலமாரிகள் முதல் நாளே விற்றுப்போயின. 'எல்லாம் பாதி விலை' என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தேன். முதலில் உள்ளே வந்தவர் போடியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார். நான் பில் புத்தகத்தை எடுத்துத் தயாராக வைத்தேன். கடைசியில் அலமாரியை விரலால் தட்டி, தேக்கா என்று கேட்டார். மறுநாள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இந்தப் புத்தகங்கள் எடைக்குப் போகக் கூடாது. யாராவது ஒருவர் கையில் சேர வேண்டும். இந்த ஒரு மாதமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை.

புத்தகம் அனுப்பிய பதிப்பகங்களுக்குப் போன் போட்டேன். வியாபாரம் முடிந்தால் மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம்தான். ஒருவர் மரியாதையாகவே பேசினார். எல்லாம் சரி, புத்தகத்தில் கடை முத்திரை ஏதும் இல்லையே என்று கேட்டார். முத்திரை விழுந்த புத்தகத்தை அவர்கள் யாருக்கு விற்பார்கள்? மற்ற நாலு பேரும் அதையேதான் கேட்டார்கள்.

என் புத்தகம் எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒன்று, ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ஒன்று.

உலகத்தில் எந்தப் புத்தகக் கடைக்காரனும் விற்ற பிறகுதான் முத்திரை குத்துவான். நான் பார்சலைப் பிரித்த கையோடு குத்திவிடுவேன். இந்தக் கூறுகெட்ட பழக்கம் வந்தது வீரபாண்டித் திருவிழாவில். கடை போட்ட முதல் வருஷம், ராட்டினத்துக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டிருந்தேன். பக்கத்திலேயே இன்னொருவரும் புத்தகம் விற்றார். திடீரென்று கோடை மழை பிடித்துக்கொள்ள, ரெண்டு பேரும் சேர்ந்து அள்ளி ஒரே தார்ப்பாயில் மூடினோம். மழை விட்டதும் என்னுடைய நல்ல புத்தகங்களாகப் பார்த்து அவர் எடுத்து அடுக்கிக்கொண்டார். கேட்டதற்கு, "ஒங்க பேரா எழுதியிருக்கு?" என்றார். அந்த வார்த்தை என்னைத் தைத்துவிட்டது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ரப்பர் முத்திரை செய்தேன். முதல் பக்கத்தைக் கிழித்தால் என்ன செய்வது என்று நூலகங்களில் செய்வது மாதிரி உள்ளேயும் ஒன்று.

திருப்பி அனுப்ப முடியாது என்று அப்போதே தெரியும். தெரிந்துதான் குத்தினேன். எடுத்ததை விற்கத் துப்பில்லாதவன்தான் திருப்பி அனுப்புவான் என்று சக கடைக்காரர்களிடம் சவடால் பேசியிருக்கிறேன். என் மனைவி அன்றைக்கே சொன்னாள், வித்த பெறகு குத்தினா என்ன குறைஞ்சா போகும் என்று. நோட்டு, பேனா, கைடு எல்லாம் வைக்கச் சொன்னதும் அவள்தான். இது புத்தகக் கடை, பெட்டிக் கடை இல்லை என்று அவள் வாயை அடைத்தேன். பட்டால்தான் தெரியும் என்பார்கள். எனக்குப் பட்ட பிறகும் தெரிய இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது.

பிளேடு வாங்கி வந்து முத்திரை விழுந்த தாளை அறுத்துப் பார்த்தேன். முதல் தாளை எடுத்தால் அதோடு சேர்த்துத் தைத்திருக்கும் இன்னொரு தாள் கழன்று வருகிறது. ஐம்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்தால் கதையே அறுந்துவிடுகிறது. ஏழு புத்தகங்களை இப்படிப் பாழாக்கிவிட்டு பிளேடைச் சுவரில் எறிந்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயம் வந்தது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. வேறு எந்த வேலையும் தெரியாது. தெரிந்த ஒரே வேலையையும் இந்த லட்சணத்தில்தான் செய்திருக்கிறேன்.

இனாமாகவே தருகிறேன் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் சந்தோஷமாகத்தான் கையில் வாங்கினார். முதல் பக்கத்தைத் திறந்ததும் முகம் மாறியது. "கடை முத்திரை இருக்கே சார். பில் எங்கன்னு ஆடிட்ல கேப்பாக," என்றார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். கல்யாண வீடு ஒன்றில் தாம்பூலப் பையில் புத்தகம் போடப்போவதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். மாப்பிள்ளை, பெண் பேர் அச்சடித்துக் கொடுக்கிற புத்தகத்தில் எவன் கடை முத்திரையோ இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

மயிலாடும்பாறையிலிருந்து மாதம் ஒரு முறை வருகிற டீச்சர் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். விலையெல்லாம் வேண்டாம், முடிந்த மட்டும் கொண்டுபோங்கள் என்றேன். ரெண்டு கட்டைப் பைகள் நிறைய அள்ளினார். மூன்றாவது பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடியாமல் இறக்கி வைத்தார். பஸ் ஏற வேண்டுமே. வாசலில் நின்று, "இனி நாங்க எங்கிட்டு சார் போறது?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கேள்வியை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் பழைய பேப்பர் கடைக்காரரை நானே போய்க் கூட்டிவந்தேன். கம்பம் பக்கம் திராட்சைப் பெட்டிக்கு விரிக்கத் தாள் கேட்கிறார்கள் என்றும் எவ்வளவு இருந்தாலும் போய்விடும் என்றும் ஆறுதல் மாதிரிச் சொன்னார். பிறகு குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அட்டையோட எடுக்க மாட்டோம்ணே. அட்டையெல்லாம் கிழிச்சு வச்சிருங்க. சாயங்காலம் ஆட்டோ கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி, நான் மடியில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

முதல் புத்தகத்துக்கு வெகுநேரம் ஆனது. அட்டை அவ்வளவு லேசில் வராது. பசை பிடித்துக்கொண்டு நூலோடு சேர்ந்து இழுக்கிறது. அழுதேன். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். பத்தாவது புத்தகத்தில் வாகு பிடிபட்டது. புத்தகத்தின் முதுகை முழங்காலில் கொடுத்து மடக்கி, மேலிருந்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அதற்கப்புறம் வேகமாக வந்தது. என்ன புத்தகம் என்று பார்ப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் அட்டை, ஒரு பக்கம் தாள் என்று குவிந்துகொண்டே போனது. இருபத்தாறு வருஷத்தில் என் கை இத்தனை சுறுசுறுப்பாக ஓடியதில்லை.

தரை தெரிய ஆரம்பித்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொஞ்சம் மெதுவா கிழிங்க," என்றாள். "இது முடிஞ்சா நாம வீட்டுக்குப் போகணும்."

இதை விட்டால் கடையில் எங்களுக்கு வேறு வேலை இல்லை. அடுத்த புத்தகத்தை எடுத்து, பேர் என்னவென்று பார்த்துவிட்டு, மெதுவாகக் கிழித்தேன்.