முப்பது பங்குத் தண்ணீர்

என் அக்காவின் கணவர் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவரோடு சேர்ந்து நானும் ஏணி ஏறுகிறேன். காலையில் எழுந்ததும் மனிதர் முதலில் பார்ப்பது அக்கா முகத்தை அல்ல, செல்போனில் வரும் வானிலைப் படத்தை. சூரியன் தெரிந்தால் பிரஷ்ஷை எடுப்பார். மேகத்துக்குக் கீழே சொட்டுகள் வரிசை கட்டினால் போர்வையை இழுத்துக்கொள்வார். இதில் தெருவுக்கே அறிவிப்பு வேறு: "துணியை உள்ள எடுங்க, படத்துல மேகம் வந்தாச்சு!"

பல வருஷம் ஒரு மேஸ்திரியிடம் கைகட்டி நின்றவருக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை, முச்சந்தியைப் பார்த்த ஒரு பேக்கரிச் சுவர். பேக்கரி அம்மாவுக்கு இன்னும் இரண்டு கடைகள் உண்டு. இது நன்றாக அமைந்தால் அவையும் எங்களுக்கு. சொதப்பினால் மறுபடி மேஸ்திரி வாசல்தான்.

அன்று படத்தில் மேகத்துக்குப் பின்னால் பாதிச் சூரியன், கீழே ஒரு சொட்டு, பக்கத்தில் முப்பது சதவீதம்.

"மாமா, மழைன்னு போட்டிருக்கே?"

"முப்பதுதானேடா! பெயிண்ட்ல முப்பது பங்கு தண்ணி கலந்தா எப்படி இருக்கும்? லேசா இருக்கும். அது மாதிரி இதுவும் லேசான தூறல். ஏறு ஏணில."

எனக்கும் அது சரி என்றே பட்டது. நாள் முழுக்கத் தண்ணீர் கலக்குகிறவன் மூளை வேறெப்படி ஓடும்?

கடைசிப் பூச்சை முடித்து டீக்கு உட்கார்ந்தோம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எங்கள் மஞ்சள் சுவர் கண்முன்னே வழிந்து சாக்கடைக்குப் போனது.

பேக்கரி அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். "வெள்ளிக்கிழமை கடை திறக்கணும். முடியுமா, வேற ஆள் பார்க்கட்டுமா?"

"முடிச்சிடறேம்மா" என்றார் மாமா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். "முப்பதுன்னா மழை வர்றதுக்கு வாய்ப்பு அவ்வளவுன்னு அர்த்தம். வந்தா எவ்வளவு கொட்டும்னு அது சொல்லவே இல்லையே!"

பிறகு அந்தப் படத்தை விரலால் தொட்டாள். நாள் மணி மணியாக விரிந்தது. காலையெல்லாம் சூரியன், மதியத்துக்கு மேல் மேகத்தில் மின்னல்.

"இதெல்லாம் உள்ளயா இருக்கு?" என்றார் மாமா.

"தொட்டாத்தானே தெரியும்!"

பாவம், அவர் எங்கே தொட்டார்? விரல் நுனியில் காய்ந்து கிடக்கும் பெயிண்டை அந்தத் திரை மதிப்பதே இல்லை. அதனால் முகப்பைப் பார்ப்பதோடு சரி.

மறுநாள் முழுச் சூரியன். இருந்தும் ஈரச்சுவர் காயட்டும் என்று ஏணியைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் சூரியன், மாலையில் மின்னல் என்று காட்டியது. விடிந்ததும் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் முடித்துவிட்டோம்.

மாலையில் மாமா, நான், பேக்கரி அம்மா மூவரும் எதிர்க்கடைத் தகரத்துக்குக் கீழே நின்று மழைக்காகக் காத்திருந்தோம். பெயிண்ட்காரன் மழைக்குக் காத்திருந்த கதையை எங்கேயாவது கேட்டதுண்டா? வந்தது. வெளுத்து வாங்கியது. மாமா நனைந்துகொண்டே ஓடி, சுவரடியில் உள்ளங்கையை ஏந்தினார். சேர்ந்த தண்ணீரில் மஞ்சள் துளிகூட இல்லை. கையைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார், முகமெல்லாம் பல்.

"அடுத்த கடைக்கு எப்ப வர்றீங்க?" என்று பேக்கரி அம்மா கத்தினார்.

"இருங்கம்மா, தொட்டுப் பார்த்துச் சொல்றேன்" என்று மாமா விரல் நுனியைச் சட்டையில் தேய்க்கத் தொடங்கினார்.