பகுதி ஒன்றுதான்

எங்கள் சொந்தக்காரரில் இரண்டு மூன்று பேர் என்னை இன்றைக்கும் ‘ரெண்டரை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கனடாவிலிருந்து வரும் பெரியம்மா கன்னத்தைக் கிள்ளி, “எடி ரெண்டரை, நல்லா வளர்ந்திட்டாய்” என்பார். எனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. வளர்ச்சி நின்று பத்து வருடமாவது இருக்கும். அந்தப் பெயர் வந்த கதையைக் கூட்டத்தில் யாராவது எடுத்துவிட்டால் நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது அரைவாசிக் கதைதான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நான்காம் மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கை என நான்கு பேர். அம்மாவின் தங்கையை நான் சின்னம்மா என்பேன். அவருக்கு முப்பத்தொரு வயது. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; கேட்பவர்களிடம் அம்மா “முப்பதுக்குள்ளதான்” என்று முடித்துவிடுவார். சின்னம்மா கிருலப்பனையில் கட்டடம் கட்டும் நிறுவனமொன்றில் வேலை செய்தார். இத்தனை மாடிக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு மணல், எவ்வளவு கம்பி என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது அவருடைய வேலை. பெரிய பெரிய இஞ்சினியர்மாரின் பிழைகளையே சிவப்புப் பேனையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அம்மாவுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. பிழை பிடிக்கிற பெண்ணுக்கு எப்படி மாப்பிள்ளை பிடிப்பது என்பது அவருடைய கவலை.

அந்தத் தவணை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பின்னம் நடந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இரண்டு பின்னங்களைக் கூட்டுவதென்றால் இரண்டுக்கும் பகுதி ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எப்பாடுபட்டாவது ஒன்றாக்கவேண்டும். நான் இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருந்த அதே நாட்களில், அம்மாவும் தொலைபேசியில் இதே பாடத்தைக் கதைத்துக்கொண்டிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “என்ன பகுதி எண்டு விசாரிச்சனீங்களோ?” என்று யாரிடமோ கேட்பார். ஒருநாள் தொலைபேசியை வைத்துவிட்டு முகமெல்லாம் மலர அப்பாவிடம் வந்து, “பகுதி ஒண்டுதானாம். இனிப் பிரச்சினையில்லை” என்றார். எங்கள் கணக்கு ரீச்சரும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார். அம்மாவுக்கும் பின்னம் தெரிந்திருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி கேட்பதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் சொல் அது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கனடாவில் இருந்தார். மூன்று கிழமை லீவில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. சின்னம்மா வேண்டாம் என்று சொல்லவில்லையா என்றால், சொன்னார். இரண்டு முறை சொன்னார். முதல் முறை அம்மா அழுதார். இரண்டாம் முறை அம்மா சாப்பிடாமல் படுத்தார். அப்பா இரண்டு முறையும் பேப்பரை விரித்துக்கொண்டார். மூன்றாம் முறை சொல்லிப் பயனில்லை என்று சின்னம்மாவுக்குப் பட்டிருக்கவேண்டும். பல்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் மெல்லிய குரலில் நெடுநேரம் கதைத்தார். யாரென்று நான் கேட்டபோது, “ஒஃபிஸ் விஷயம்” என்றார்.

இதற்கிடையில் மாப்பிள்ளையின் தாயார் அம்மாவிடம், பெண்பிள்ளைக்குச் சமையல் எப்படி என்று விசாரித்திருக்கிறார். சின்னம்மாவுக்குத் தேத்தண்ணீர் போடத் தெரியும். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பெருமை பேசமுடியும்? “கேக் எல்லாம் அவள்தான் அடிக்கிறவள்” என்று அம்மா சொல்லிவிட்டார். உண்மையில் எங்கள் வீட்டில் கேக் அடிப்பவர் அம்மா. அந்தத் தாயாரோ, அப்படியென்றால் அன்றைக்குப் பிள்ளையின் கையால் செய்த கேக்கையே சாப்பிடுவோமே என்றுவிட்டார்.

அம்மா பொய் சொல்லக்கூடாது என்ற கொள்கை உள்ளவர். ஆகவே, சொல்லிவிட்ட பொய்யை எப்பாடுபட்டாவது உண்மையாக்கிவிடுவார். கேக்கைச் சின்னம்மாதான் அடிக்கவேண்டும், தான் குசினிப் பக்கம் எட்டியும் பார்க்கப்போவதில்லை என்று அறிவித்து, தன் சமையல் கொப்பியை மேசையில் வைத்தார். அதில் இருந்தது பத்துப் பேருக்கான பட்டர் கேக். வருகிறவர்கள், எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் எல்லோருமாக இருபத்தைந்து பேர். ஆகவே எல்லாவற்றையும் இரண்டரையால் பெருக்கவேண்டும். அம்மா பேனையைச் சின்னம்மாவிடம் நீட்டினார். சின்னம்மா அதை வாங்கவில்லை.

“எனக்கு வீட்டிலயும் கணக்கோ? இவள்தானே இப்ப பின்னம் படிக்கிறாள். இவளே செய்யட்டும்.”

பின்னக் கூட்டலில் நான் பத்துக்குப் பத்து எடுத்திருந்தேன். பெருக்கல் இன்னும் தொடங்கவில்லை, அடுத்த பாடம் அதுதான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சின்னம்மாவின் கலியாணமே என் கையில் இருப்பதுபோல் ஒரு மிதப்பு.

முழு எண்களில் சிக்கல் இல்லை. நான்கு முட்டை பத்து முட்டையானது. ஒரு கப் பால் இரண்டரைக் கப். இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் ஐந்து தேக்கரண்டி. இதற்கெல்லாம் விரலே போதும். மா வந்தபோதுதான் யோசிக்கவேண்டியிருந்தது: இரண்டரைக் கப் மாவை இரண்டரையால் பெருக்குவது எப்படி? கூட்டலில் என்ன செய்வோம்? முழுதை முழுதோடு கூட்டுவோம், பின்னத்தைப் பின்னத்தோடு கூட்டுவோம். பெருக்கலும் அப்படித்தானே இருக்கவேண்டும். இரண்டும் இரண்டும் பெருக்கினால் நான்கு. அரையில் அரை கால். ஆக நாலேகால் கப் மா. இதே வழியில் ஒன்றரைக் கப் சீனி இரண்டேகால் ஆனது. ஒன்றேகால் கப் பட்டருக்குக் காலில் அரை அரைக்கால், ஆகவே இரண்டேயரைக்கால். விடைகள் இவ்வளவு அழகாக வந்ததில் எனக்கே பெருமை தாங்கவில்லை.

என் கணக்குக் கொப்பியைச் சின்னம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு மாவில் வந்து பேனையை நிறுத்தினார்.

“இது எப்பிடிச் செய்தனி?”

“முழுதை முழுதோட, பின்னத்தைப் பின்னத்தோட. அது அதுக்கு அது அது.”

சின்னம்மா அந்த வரியைப் பேனையால் ஒருமுறை தட்டினார். “ஓம்” என்றார். “எங்கட வீட்டுக் கணக்கு அப்பிடித்தான்.”

ஆறு விடைகளுக்கும் ஆறு சரி போட்டார். ஆறும் நல்ல பெரிய சரிகள்.

எங்கள் வீட்டு மின்சார அடுப்புக்குள் அவ்வளவு பெரிய தட்டு நுழையாது. சந்தியில் இருந்த பேக்கரியில், காலைப் பாண் போட்டு முடிந்ததும், போறணையில் மிஞ்சியிருக்கும் சூட்டில் அக்கம்பக்கத்தாரின் கேக்கை வைத்து எடுத்துத் தருவார்கள். ஞாயிறு காலை தட்டின் ஒரு பக்கத்தைச் சின்னம்மாவும் மறுபக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் கலவை தளம்பியது. பேக்கரிக்காரர் தட்டை வாங்கி ஒருமுறை சரித்துப் பார்த்தார். “மிஸ், வத்துர வெடி நே” என்றார் சிங்களத்தில். தண்ணீர் கூடிவிட்டது என்கிறார் என்பது எனக்கும் விளங்கியது. சின்னம்மா கொஞ்சமும் பதறவில்லை.

“கமக் நே” என்றார்.

பரவாயில்லையாம். என் கணக்கின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் கேக், மேலே பேப்பர் மூடி, வீடு வந்தது. ஓரம் நல்ல பொன்னிறம். அம்மா பேப்பரின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வாசத்தை இழுத்து, “பாத்தியே, மனம் வச்சால் உன்னால ஏலும்” என்றார். வெட்டி அடுக்கி வைக்கலாம் என்று அவர் கத்தியை எடுத்தபோது சின்னம்மா தடுத்தார். அவர்களுக்கு முன்னால் தன் கையால் வெட்டினால்தானே தான் செய்தது என்று நம்புவார்கள் என்றார். அம்மா நெகிழ்ந்துபோய் அவர் தலையைத் தடவினார். இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னார்.

நான்கு மணிக்கு வந்தார்கள். வரவேற்பறையில் கதிரை போதாமல் பக்கத்து வீட்டிலிருந்தும் வாங்கிப் போட்டிருந்தோம். மாப்பிள்ளை நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என்னிடம் எந்த வகுப்பு என்று கேட்டார். பிறகு கேட்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா நீலச் சேலையில் வந்து, கும்பிட்டு, கேக்கின் மேலிருந்த பேப்பரை எடுத்தார். நடுப்பகுதி ஒரு சாண் அகலத்துக்குக் குழிந்து போயிருந்தது. சின்னம்மா ஓரத்தை விட்டுவிட்டுச் சரியாக அந்தக் குழியில் கத்தியை இறக்கினார். கத்தியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ ஊறி வந்தது. கூடவே முட்டை வெடுக்கு வாடை.

மாப்பிள்ளையின் தாயார் கைலேஞ்சியை மூக்கருகே கொண்டுபோனார். 

“இது என்ன, கரண்டியால அள்ளிச் சாப்பிடுற வட்டிலப்பமோ?”

“இல்லை, பட்டர் கேக்” என்றார் சின்னம்மா, மிகுந்த பணிவோடு. “நான்தான் அடிச்சனான்.”

மூன்றாம் நாள் தகவல் வந்தது. பிள்ளைக்கு வீட்டு வேலையில் பழக்கம் காணாதுபோல் இருக்கிறதாம், கனடாவில் எல்லாம் தானே செய்யவேண்டும், யோசிக்கிறோம் என்றார்களாம். யோசிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. அம்மா மேசையில் கிடந்த என் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “பத்து முட்டைக்கு நாலேகால் கப் மாவோ? எந்த உலகத்துக் கணக்கடி இது?” என்று கத்தினார். அவர் கண்ணில் பட்டது என் எழுத்துத்தான். சிவப்புச் சரிகளை அவர் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து நான் ரெண்டரை ஆனேன். சித்தப்பாமார், மச்சாள்மார், யார் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் கேக் வெட்டும்போது என்னைத் தேடினார்கள். ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நான் நிஜமாகவே நம்பினேன். இரவில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதிருக்கிறேன்.

அடுத்த கிழமையே ரீச்சர் பெருக்கலைத் தொடங்கினார். கலப்பு எண்களைப் பெருக்குவதென்றால் முதலில் அவற்றை முறைமையில்லாப் பின்னமாக மாற்றவேண்டும். இரண்டரை என்பது மேலே ஐந்து, கீழே இரண்டு. ஐந்தும் ஐந்தும் இருபத்தைந்து, இரண்டும் இரண்டும் நான்கு, மேலே இருபத்தைந்து, கீழே நான்கு என்றால் ஆறேகால். முழுது முழுதோடு மட்டும் நின்றால் போதாது, அரையோடும் பெருகவேண்டும் என்று ரீச்சர் பெட்டி பெட்டியாகக் கீறிக் காட்டினார். நான் வீட்டுக்கு ஓடிவந்து, வேலையால் வந்த சின்னம்மாவைச் செருப்புக் கழற்றவும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“சின்னம்மா, ஆறேகால் கப் மா போட்டிருக்கவேணும். என்ர கணக்குப் பிழை. ஆனா நீங்கள் சரி போட்டனீங்களே?”

“அப்பிடியோ?” என்றார் சின்னம்மா. “எனக்குப் பின்னம் எல்லாம் மறந்து போச்சு, குஞ்சு.”

படித்தது இப்படியும் மறக்குமா என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. மறுநாள் காலை அவர் வழக்கம்போல் கிருலப்பனைக்கு, பதினெட்டு மாடிக்குச் சீமெந்துக் கணக்குப் பார்க்கப் போனார். அந்த மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு சோடி புதுச் சப்பாத்து வாங்கித் தந்தார். ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

ஒரு வருடம் கழித்து, ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில், சின்னம்மா அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்து, தன்னோடு வேலை செய்யும் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னார். சம்மதம் கேட்கவில்லை, சொல்லிவிட்டு எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். அம்மா கட்டிலில் விழுந்து அழுதார். அப்பா பேப்பரை விரித்தார். அன்றைக்குப் பேப்பர் பழசு. “ஆளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல” என்று அம்மா விம்மி விம்மிச் சொன்னார். “ஆனா பகுதி ஒண்டில்லையே. பகுதி ஒண்டில்லையே...”

அம்மா அழுதால் நான் தாங்கமாட்டேன். தவிர, அந்த விஷயத்தில் அப்போது எனக்கு நல்ல தெளிவு இருந்தது. தவணைப் பரீட்சையில் தொண்ணூற்றாறு எடுத்திருந்தேன். கட்டிலில் ஏறி அவருடைய முதுகைத் தடவினேன்.

“அழாதேங்கோ அம்மா. கூட்டுறதுக்குத்தான் பகுதி ஒண்டா இருக்கவேணும். பெருக்கிறதுக்குத் தேவையில்லை.”

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா இருமுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பல்கனிக் கதவடியில் சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அம்மா எழுந்து உட்கார்ந்து, என்னையும் சின்னம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.

பழைய கேக் கணக்குக்குத்தான் அந்தக் குட்டு என்று நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.