முதல் வண்டி ஓலை

கோலியனூருக்குப் பக்கத்தில், ஊரைவிட்டுத் தள்ளி, புன்செய்க் கொல்லை நடுவே இருந்தது நான் வாழ்க்கைப்பட்ட வீடு. மண்சுவர், பனையோலைக் கூரை. எதிரே மாட்டுக் கொட்டகை. திண்டிவனத்தில் ஓட்டு வீட்டில் வளர்ந்த எனக்கு, இரண்டில் எது வீடு, எது கொட்டகை என்று முதல் நாள் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

புரட்டாசி பிறந்தால் மழைக்கு ஆயத்தம் ஆரம்பமாகும். வறட்டியை உள்ளே அடுக்க வேண்டும், கேப்பை அரைத்து வைக்க வேண்டும், விதைக் கடலையான மல்லாட்டை மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் ஏற்ற வேண்டும். இதெல்லாம் என் வேலை. ஆண்கள் இரண்டு பேருக்கும், அதாவது என் மாமனாருக்கும் அவர் பெற்ற பிள்ளைக்கும், ஒரே வேலை. மாடு.

வலத்தான், இடத்தான் என்று இரண்டு வண்டி மாடுகள். அவற்றின் குளம்புக்கு வேப்பெண்ணெய், கழுத்துப் புண்ணுக்கு மஞ்சள், படுக்கச் சாம்பல் தூவிய தரை, முதுகில் போர்த்தச் சாக்குத் துணி. அந்தச் சாக்கை என் வீட்டுக்காரர் கோணி ஊசி வைத்துத் தன் கையாலேயே தைத்தார். என் ரவிக்கையில் ஒரு கொக்கி போனபோது அவருக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. காவல் நாய்கள் இரண்டுக்கும் உண்ணி பிடுங்கி, எண்ணெய் தடவி, கொட்டகையிலேயே ஒரு மூலை ஒதுக்கியாயிற்று. அவருக்கு வேண்டியவர்கள் வரிசையில் மாடுகளும் நாய்களும் போக, நான் ஐந்தாவது.

மாட்டுக்குச் சளி பிடிக்காமலிருக்க மிளகு, பூண்டு, வெல்லம் போட்டுக் கஷாயம் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றுவார்கள். எனக்கு அந்தச் சமயம் ஒரு வாரமாக இருமல். யாரும் கண்டுகொள்ளவில்லை. நானே ஒரு லோட்டா எடுத்துக் குடித்தேன். இருமல் நின்றது. மாட்டு வைத்தியம் என்று சொல்லிக் குறைக்க மாட்டேன்.

அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. முகையூர்ப் பக்கத்திலிருந்து கூரைக்கு இரண்டு வண்டி ஓலை வரும். முதல் வண்டி கொட்டகைக்கு. இரண்டாம் வண்டி வீட்டுக்கு. இரண்டாம் வண்டி வருவதற்குள் மழை வந்துவிடும். வருஷா வருஷம் இதே கதைதான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துப் புதிதாக ஆச்சரியப்படுவார்கள்.

முந்தின வருஷ மழையில் அந்த ஒழுகுகிற வீட்டில்தான் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. எனக்குத் தாய் இல்லை, பிறந்த வீட்டுக்குப் போக வழியில்லை. எங்கே பாய் போட்டாலும் ஈரம். நெஞ்சில் சளி கட்டி, பதினோராம் நாள் குழந்தை போய்விட்டது. விதி என்றார்கள். எனக்கு ஓலை என்றுதான் தோன்றியது.

இந்த வருஷம் மறுபடியும் நிறைமாதம். முதல் வண்டி ஓலை வந்து இறங்கியதும் மாமனாரிடமே கேட்டேன்.

"மாமா, இந்தத் தடவ வூட்டுக்கு மொதல்ல போட்டுடலாங்களா?"

"மாடு படுத்துக்கினா எவன் உழுவான்? நீயா உழுவ?" என்றார். "அடுத்த வாரம் ரெண்டாவது வண்டி வந்துக்கினே கீது."

என் வீட்டுக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகைமேல் சாத்தினார். அன்று அவருக்கு நான் களி கிண்டிப் போட்டேனே தவிர, குழம்பு ஊற்றவில்லை.

நாலே நாளில் மழை பிடித்துக்கொண்டது. அண்டா, குண்டான், சொம்பு, மூக்குப் போன செம்பு என்று வீடு முழுக்கப் பாத்திரம். மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் வலி எடுத்தது. தரையைப் பார்த்தேன். நாற்று விடலாம் போலிருந்தது. பாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நனைந்தபடியே எதிரே போய்க் கொட்டகைக்குள் நுழைந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாய்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டன. மாடுகளுக்கு அவ்வளவு நாகரிகம் போதாது.

மருத்துவச்சி தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கொம்புங்க நடுவுல நான் எப்டிம்மா உக்காருவேன்? ஜல்தியா அதுங்கள அவுத்து வெளிய ஓட்டச் சொல்லு."

வீட்டுக்குள் கட்டலாம் என்று பார்த்தார்கள். வாசல்காலில் கொம்பு இடித்தது. மாமனார் மழையில் நின்றுகொண்டு மகனைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், நனைஞ்சா மாடு பூடும்டா!"

என் வீட்டுக்காரர் அதற்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"போனா போவட்டும் நைனா. போன வருசம் பூட்டது போதும்."

அந்தக் குழந்தையைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. மறந்தே போய்விட்டார் என்று ஒரு வருஷமாக மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காலையிலிருந்து பிற்பகல்வரை புளியமரத்தடியில், மாடுகள் இரண்டுக்கும் சாக்கைப் போர்த்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலையில் ஒன்றுமில்லை. தைத்ததே இரண்டு சாக்குதான். கொட்டகைத் தட்டி இடுக்கு வழியாக எனக்கு அவர் கால்கள் தெரிந்தன. வலி ஏறும்போதெல்லாம் அந்தக் கால்களைப் பார்த்துத் திட்டினேன். பெயர் சொல்லக் கூடாது என்பார்கள். அதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். பெண் குழந்தை பிறந்தது. நன்றாக, உலர்ந்த குரலில் கத்தியது.

பதினோராம் நாள் குழந்தைக்கு ஒன்றுமில்லை. மாடு போயிற்று. வலத்தானுக்குக் கால் வீங்கி, மூச்சு இரைத்து, கஷாயம் உள்ளே இறங்கவில்லை. கன்றிலிருந்து அவர் வளர்த்த மாடு. கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். முதல் குழந்தை போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மாமனார் என்னைக் குற்றம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பெரிய பேஜாராக இருந்தது. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.

அடுத்த புரட்டாசியில் முதல் வண்டி ஓலை வந்தது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவர் ஏணியை வீட்டுச் சுவரில் சாத்தி மேலே ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மாமனார், "அந்த மூலைல இன்னும் ரெண்டு ஓல வைடா. கொழந்த படுக்கற எடம்" என்றார்.

இரண்டாம் வண்டி வழக்கம்போல வரவில்லை. மழை வழக்கம்போல வந்தது. இடத்தானும், சந்தையில் பிடித்துவந்த புது மாடும் கொட்டகையில் நனைந்துகொண்டு நின்றன. குழந்தையை உலர்ந்த தரையில் கிடத்தினேன். அண்டா, குண்டான், சொம்பு, மூக்குப் போன செம்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன்.