தேவாரம் பாடி இழந்த இடம்

பெற்ற பிள்ளையால் முடியாததை அவள் முன்னாலேயே எடுத்துச் சொல்லலாமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

என் ஆறு வயது மகள் கேட்டதையெல்லாம் அப்படியே ஒப்பிப்பாள். ஆனால் தாகமெடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. பாடசாலையின் விசேட கல்வி அலகில் அவளைச் சேர்ப்பதற்காக மதிப்பீட்டுக்குக் கூட்டிப்போனேன். கூட வந்த மச்சாள், என் கணவரின் அக்கா, "நாலுபேருக்கு முன்னால எங்கடை மானம் போகக்கூடாது" என்று அவளுக்கு ஒரு தேவாரம் பழக்கியிருந்தார். நானும் தலையாட்டினேன்.

மகள் பிசகாமல் பாடினாள். மதிப்பீடு செய்த அதிகாரி வேறெதுவும் கேட்கவில்லை. கைபேசியைப் பார்த்தபடியே, "இவ்வளவு வடிவாப் பாடுற பிள்ளைக்கு என்னத்துக்கு விசேட வகுப்பு? செல்லத்தைக் குறையுங்கோ அம்மா" என்றார். ஒரே பாட்டில் ஒரு பிள்ளையை அளந்துவிட்ட மேதை! மச்சாளுக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தீரே, எங்கடை பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை."

திரும்பும் வழியில் பஸ்ஸில் மகள் தாகத்தில் வீரிட்டு அழுதாள். "பாடச் சொல்லும், அடங்குவாள்" என்றார் மச்சாள், அந்தப் படித்த மனுசி. நான் தண்ணீர்ப் போத்தலை மகளிடம் கொடுத்தேன்.

மறு மதிப்பீடு கேட்டிருக்கிறேன். இம்முறை தேவாரமும் இல்லை, மச்சாளும் இல்லை. இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் மகளைப் பாடச்சொல்ல விடுவதில்லை. ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போதே, "இவளுக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது" என்று அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லிப் பார்த்த தாய்மார் எனக்கு எழுதுங்கள்.

– ஒரு தாய், அச்சுவேலி