காபி ஹவுஸில் குடும்ப அறை

சின்ன வயதில் ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். அப்படிப்பட்ட என்னைப் போய் அத்தை மாதம் ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர் காபி ஹவுஸுக்கு இழுத்துக்கொண்டு போவாள். இன்றைக்கு என் மகளிடம் சொன்னால் நம்பமாட்டாள்: அப்போது அங்கே ஒரு பெண் தனியாக நுழைந்தால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். கூடவே ஒரு குழந்தை இருந்தால் அது குடும்பம். குடும்பங்களுக்கென்று பச்சைத் திரை போட்ட அறை இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு கல்லூரி வாத்தியார், ஒரு தவில்காரர், வேலைக்குப் போகாத கவிஞர்கள் இரண்டு பேர். ஒன் பை டூ காபியை வைத்துக்கொண்டு நாடகம், சங்கீதம், அவர்களே நடத்திய சின்னப் பத்திரிகை என்று மதியம் முழுக்கக் கத்துவார்கள். அத்தை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அன்று பத்திரிகையில் வந்த ஒரு கதைக்காக அடிதடி நடக்காத குறை. குறுவைக்குத் தண்ணீர் வராத வருஷம், காய்ந்த நாற்றங்காலில் தானே மாட்டை அவிழ்த்துவிடும் ஒருத்தியின் கதை. ஆண் பெயரில் அதை எழுதி அனுப்பியது அத்தை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போடவேண்டும் என்றார் வாத்தியார்.

"அந்தப் பக்கம்தான்யா கதையே! நீ வயலப் பாத்திருக்கியா?" என்று தவில்காரர் மேஜையை அடித்தார்.

அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. வாத்தியாருக்கு உதட்டுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கோ, காபி முடிந்ததும் கூட்டிப்போவதாக அவள் சொல்லியிருந்த பூங்காவை மூடிவிடுவார்களே என்ற தவிப்பு. காலை உதைத்தேன், சர்க்கரையைக் கொட்டினேன், பத்துத் தடவை கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. பொறுக்கமாட்டாமல் திரையை விலக்கி, "எங்க அத்தைதான் அத எழுதுனாங்க! சண்ட போடாதீங்க, நாங்க போகணும்!" என்று கத்திவிட்டேன்.

நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். சிகரெட்டுகள் அணைந்தன.

"அருமையா எழுதியிருக்கீங்கம்மா," என்றார் வாத்தியார்.

"ஆமாங்க, ரொம்ப நல்லாருக்குங்க," என்று தவில்காரரும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல, அந்தக் கடைசிப் பக்கம்..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

"அதுல ஒரு குறையும் இல்லம்மா. உக்காந்து காபி சாப்பிடுங்க." வாத்தியாரே திரையை இழுத்து மூடினார். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை.

பேருந்தில் அத்தை அழுதுகொண்டே வந்தாள். நான் சத்தியத்தை மீறியதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். "ரெண்டு பேருமே நல்லாருக்குன்னுதான சொன்னாங்க, அத்த?" என்று அவள் கையைப் பிடித்துத் தேற்றினேன். அதற்கு அவள் ஏன் இன்னும் அதிகமாக அழுதாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.