பத்ரிநாத் பனிப்புயலும் பொள்ளாச்சிக்காரரும்

யாத்திரை கைடு வேலை தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் புண்ணியம். அந்த வேலையைப் பார்ப்பவர்களுக்குத்தான் அது எந்த ஜென்மத்துப் பாவம் என்று புரியும். தொண்ணூறுகளில் கோயமுத்தூரிலிருந்து வடக்கே ஆட்களைக் கூட்டிப்போய்ப் பிழைத்தவன் நான். கூட்டம் மேய்த்து அலுத்தவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

ஸ்வெட்டரா, எனக்கா?

பத்ரிநாத்தில் குளிர்காலத்துக்கு நடை சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் போன யாத்திரை அது. கம்பளி உடுப்பு கட்டாயம் என்று கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி சின்னச்சாமி மட்டும் வேட்டி சட்டையோடு வந்து நின்றார். கேட்டதற்குத் தோள் துண்டை உதறிக் காட்டினார்.

“ஏனுங்க தம்பி, வால்பாறைக் குளிரையே இந்தத் துண்டைப் போத்திக்கிட்டுத் தாண்டுனவன் நானு!”

பஸ் எங்கே?

தரிசனம் முடிந்து இறங்கும்போது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மேலேயிருந்து விழும். அந்தப் பனி பக்கவாட்டில் வந்து அறைந்தது. ரோடு தெரியவில்லை. டிரைவர் மலையோரமாக வண்டியை நிறுத்திவிட்டார். “யாரும் இறங்காதீங்க” என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே, ஒன்றுக்குப் போக சின்னச்சாமி இறங்கிவிட்டார்.

போனவர் திரும்பவில்லை. தேடப்போன என் சட்டைக் காலரை டிரைவர் பிடித்து இழுத்தார். நீயும் போனால் இரண்டு பேரைத் தேட வேண்டும் என்றார். ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் பள்ளம் என்பது நினைவுக்கு வந்து, ஜன்னல் வழியே அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். கடைசியில், தலை முதல் கால் வரை நனைந்த வெள்ளை உருவம் ஒன்று தடவித் தடவிப் படியேறியது. சத்தத்தைப் பிடித்து வந்திருக்கிறார். வந்ததும் என்மேல்தான் பாய்ந்தார்.

“நான் இறங்குனதும் எதுக்குங்க பஸ்ஸை நகத்துனீங்க?”

காப்பிச் சண்டை

குளிர் தாங்காமல், காப்பி போட பஸ்ஸுக்குள்ளேயே ஸ்டவ் பற்றவைக்கச் சொன்னார்கள். அடைத்த வண்டியில் அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும் என்று மறுத்தேன். டிரைவரும் புகைக்குழாயை மூடியிருந்த பனியைத் தள்ளிய பிறகே, சூட்டுக்காகக் கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டார். தொண்டாமுத்தூர் அம்மா ஒருவர் மட்டும் சமாதானமாகவில்லை.

“காப்பி இல்லாம சாகறதுக்கு, குடிச்சுப்போட்டே சாகலாமுங்க!”

தெற்குத் தோட்டம்

சின்னச்சாமியின் நடுக்கம் நின்றது. தேறிவிட்டார் என்று நினைத்தேன். அவரோ, “வேக்காடா இருக்குது” என்று குழறியபடி சட்டைப் பித்தானைக் கழற்றினார். குளிர் உச்சிக்கு ஏறினால் இப்படித்தான் ஆகும், தூங்கவிடாதே என்று டிரைவர் பதறினார். ஈர உடுப்பை உருவிப் போர்வைகளைச் சுற்றி, இரண்டு பக்கமும் ஆட்களை ஒட்டி உட்காரவைத்தோம். அப்படியும் கண் செருகியது. அவர் மனைவி சரசம்மா அழவில்லை; கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசினார். “கண்ணை மூடுனீங்கன்னா தெற்குத் தோட்டத்தை என்ற தம்பி பேருக்கு எழுதிப்போடுவேன், ஆமா!”

சின்னச்சாமியின் கண் மெதுவாகத் திறந்தது.

“அவன் எப்பங்க அம்மணி கேட்டான்?”

அப்போதுதான் சரசம்மா அழுதார்.

மாற்று உடுப்பு

காலையில் புயல் ஓய்ந்து, பனி வெட்டும் வண்டி வழிவிட்டது. பெட்டிகளெல்லாம் பஸ் கூரையில் பனிக்கடியில் கிடந்ததால், கைப்பையில் இருந்த சரசம்மாவின் புடவையைத்தான் சின்னச்சாமிக்குப் போர்வைக்குள் சுற்றியிருந்தோம். வெளிச்சத்தில் தன்னைக் குனிந்து பார்த்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, பொள்ளாச்சிச் சந்தையில மட்டும் இதைச் சொல்லிப்போடாதீங்க சாமி!”

எல்லோருக்கும் சேர்த்துப் பயப்படுவதற்கென்றே ஒரு வண்டியில் ஒருவனைச் சம்பளம் கொடுத்து ஏற்றுகிறார்கள், அவனுக்குத்தான் கைடு என்று பெயர்.