ஓரத்தில் கறுப்பு அடித்த குமரேசண்ணா

குமரேசண்ணா போய்விட்டார்.

காலையில் பழைய கடை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி. கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள்...

வீட்டுக்கு வீடு சிடி பிளேயர் வந்த சமயம் அது. காஞ்சிபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த கடையில், கல்யாண கேசட்டுகளை வீடியோ சிடியாக மாற்றித் தருவோம். நான் கவுன்ட்டர், அவர் கம்ப்யூட்டர்.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஜரிகைக்குப் பஞ்சமா? அது மின்னினாலே போதும், சிடியில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஒரு நெசவாளி கடைக்கே வந்து சண்டை பிடித்தார். "என் பொண்ணுக்கு நானே நெய்ஞ்ச புடவைபா... கட்டமே போடலியே, இதுல எங்கேர்ந்து வந்துச்சு?"

அன்றிலிருந்து அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்தது. படத்தின் நாலு ஓரத்திலும் கறுப்பு அடிப்பார். "ஓரத்த யாருமா பாக்கறாங்க? சிடில அந்த எடம் மிச்சமானா நடுவுல மூஞ்சி தெளிவா வரும்." தாராளமாகவே அடிப்பார், மனுஷன்.

அப்பா இறந்த பிறகு, அவர் நடமாடும் படம் என்று எங்களிடம் இருந்தது பக்கத்து வீட்டுக் கல்யாண கேசட் மட்டும்தான். பந்தியில் சாம்பார் வாளியோடு பத்து செகண்ட் வருவார். கேசட்டை அண்ணனிடம் கொடுத்தேன், விஷயத்தைச் சொல்லாமல்.

சிடி கண்ணாடி மாதிரி வந்தது. ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது.

"எங்கடி உங்கப்பா?" என்றார் அம்மா.

அப்பா நின்றது இடது ஓரத்தில்.

மறுநாள் கஸ்டமர்கள் முன்னாலேயே கத்தினேன். "உங்க குவாலிட்டிய நீங்களே வெச்சிக்கினு பாருங்க!"

"சொல்லியிருக்கலாமேமா... நான் புடவையவே பாத்துக்கினு இருந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார்.

சாயங்காலம் கறுப்பு அடிக்காத வேறு சிடியை வீட்டுக்கே கொண்டுவந்தார். படமெல்லாம் கட்டம் கட்டமாக... ஆனால் அப்பா இருந்தார். அம்மா அழுதது கேட்டதும் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கத்தினதற்கு நான் சாரி சொல்லவே இல்லை.

போன வருஷம் அண்ணனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை முழுக்க நரை. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்பா தெரியறாராமா?"

"நல்லா தெரியறார்ணா."

பொய். அந்த சிடி மேல்பூச்சு உரிந்து, ஓடாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. கேசட்டும் இல்லை, அம்மாவும் இல்லை. நிஜத்தைச் சொல்லியிருந்தால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, "எடுத்துக்கினு வாமா, பாக்கலாம்" என்று நின்றிருப்பார்.

என் அப்பாவைப் பற்றி என்னிடம் கேட்க அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

சாரிண்ணா... போய்ட்டு வாங்க.